நாற்பதுக்கு மேல் புது மொழி: சென்னையில் வகுப்பு சேர்பவர்களுக்கு முழு வழிகாட்டி

என்னுடைய 42ஆவது வயதில், ஒரு சனிக்கிழமை காலை, ஜப்பானிய மொழி வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பொறியியல் கல்லூரி மாணவர். இன்னொரு பக்கம் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 61 வயது அம்மா ஒருவர். அவருடைய மகள் குடும்பம் ஜப்பானில் ஒசாகாவில் இருக்கிறது. நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். ஜப்பானிலிருந்து வரும் அதிகாரிகள் பேசுவதில் பாதியாவது நேரடியாகப் புரிய வேண்டும் என்பது என் ஆசை. அது எனக்கு இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி ஏழாவது வாரத்தில் நின்று போயிருந்தது.

நின்றது ஏன், பிறகு நிலைத்தது எப்படி என்பதை யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மன், பிரெஞ்சு, கொரியன், ஹிந்தி, சமஸ்கிருதம் என்று எதைப் படிக்க நினைத்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வயதுக் கவலையை முடித்துவிடுவோம். "இந்த வயசுல மண்டையில ஏறுமா?" என்று கேட்காத ஆளில்லை. 1978இல் கேத்தரின் ஸ்னோ, மரியன் ஹூஃப்னாகல்-ஹோலே என்ற இரு ஆய்வாளர்கள் நெதர்லாந்துக்குக் குடிவந்த ஆங்கிலக் குடும்பங்கள் டச்சு மொழியைப் பிடிப்பதைக் கவனித்தார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளும் பெரியவர்களும்தான். சிறு குழந்தைகள் பின்தங்கித்தான் இருந்தார்கள். காலப்போக்கில் குழந்தைகள் எட்டிப் பிடித்து முந்துவது உண்மை. ஆனால் தொடக்க நிலை வகுப்பில் வயது நமக்குத் தடையே இல்லை. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் முப்பது வயதுக்கு அப்புறம்தான் தமிழைத் தொட்டார். தேம்பாவணி எழுதினார், 1732இல் சதுரகராதி தொகுத்தார். ஏ, ஓ என்று இன்று நாம் எழுதும் வடிவங்களும் அவர் தந்தவை என்றே சொல்கிறோம்.

படி 1: எதற்காக என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

"ஜெர்மன் கத்துக்கணும்" என்பது போதாது. "மருமகளோட அம்மா அப்பாகிட்ட போன்ல அஞ்சு நிமிஷம் பேசணும்" என்பது சரியான வரி. "ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு பி2 சான்றிதழ் வேண்டும்" என்பதும் சரியான வரிதான் (பி2 என்பது ஆறு நிலைகளில் நான்காவது, அடுத்த படியில் வருகிறது). இரண்டுக்கும் வேறு வேறு வகுப்பு, வேறு வேறு செலவு, வேறு வேறு காலம்.

சான்றிதழ் தேவை என்றால் எந்தச் சான்றிதழ் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் இருக்கும் கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழப் போகிறவர்களுக்குப் பொதுவாக ஏ1 என்ற தொடக்க நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். பிரெஞ்சில் டெல்ஃப் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் கனடா குடியேற்றத்துக்கு அதை ஏற்பதில்லை, டிஇஎஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா வேண்டும், அவை இரண்டு ஆண்டுதான் செல்லும். கொரிய மொழியின் டோபிக் தேர்வும் இரண்டு ஆண்டுக்குத்தான். இது தெரியாமல் வேறு தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானியத்தின் ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது. எழுதிக் காட்டவும் வேண்டாம். சொல்லறிவு, இலக்கணம், வாசிப்பு, கேட்டல், அவ்வளவுதான். அதனால் என்5 முதல் என்1 வரையான ஐந்து நிலைகளில் இரண்டாவதான என்4 தேறியும் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேசுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் தேர்வை மட்டும் மையமாக வைத்த பேட்ச் உங்களுக்கு ஆகாது.

படி 2: மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள். ஜெர்மனுக்கு கோத்தே நிறுவனம் தரும் கணக்கு 45 நிமிட வகுப்புகளில் இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் தொடங்கி ஏ1 முடிக்க 80 முதல் 200 வகுப்பு, பி1 வரை 350 முதல் 650, பி2 வரை 600 முதல் 800. பி2க்கு 600 வகுப்பு என்றே வைத்தாலும் 450 மணி நேரம்.

இப்போது சனி, ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம் என்று ஒரு வீக்எண்ட் பேட்ச் எடுத்தால் வாரத்துக்கு ஆறு மணி. பொங்கல், தீபாவளி, மழை, கல்யாணம் எல்லாம் கழித்து வருடத்துக்கு 45 வாரம் கிடைத்தால் 270 மணி. ஆக பி2க்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒழுங்காகப் போனால். "மூணே மாசத்துல பி2" என்று நோட்டீஸ் கொடுப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். 13 வாரத்தில் 450 மணி என்றால் ஞாயிறு உட்பட நாளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வகுப்பு. வீட்டுப்பாடம் அதற்கு மேல். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கும் இளம் செவிலியர்களால் ஒருவேளை முடியலாம். ஷிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே முடியாது. வெளிநாட்டு வேலையோடு சேர்த்து இப்படி வாக்குக் கொடுத்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிற ஏஜெண்ட் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜப்பானியம், கொரியன், சீனம், அரபு ஆகிய நான்கையும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் 2,200 வகுப்பு மணி நேரம் கேட்கும் மொழிகளாக வைத்திருக்கிறது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகியவற்றுக்கு 600 முதல் 750 மணி. ஆனால் இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு. தமிழ் பேசுகிற நமக்கு ஜப்பானியமும் கொரியனும் அத்தனை அந்நியம் இல்லை. ஏன் என்று ஐந்தாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 3: சென்னையில் எங்கே

ஜெர்மனுக்கு நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் உள்ள கோத்தே நிறுவனம், அதாவது மாக்ஸ் முல்லர் பவன். பிரெஞ்சுக்கு கல்லூரிச் சாலையில் அலையன்ஸ் ஃபிரான்சேஸ். ரஷ்ய மொழிக்கு ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்ய மாளிகை. கொரியனுக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் இன்கோ மையம். ஜப்பானியத்துக்கு அமைந்தகரை நெல்சன் மாணிக்கம் சாலையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய். ஜேஎல்பிடி தேர்வையும் சென்னையில் நடத்துபவர்கள் இவர்கள்தான். சமஸ்கிருதத்தில் பேசிப் பழக சம்ஸ்கிருத பாரதியின் பத்து நாள் முகாம்கள் நல்ல தொடக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஹிந்தி, அரபு, உருது என்று மொழித்துறைகள் வரிசையாக இருக்கின்றன. சான்றிதழ்ப் படிப்பு எதற்கு எப்போது சேர்க்கை என்று அந்தந்தத் துறையில் நேரில் போய்க் கேட்பதுதான் நல்லது.

ஹிந்திக்கு தி.நகரில் தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபா. 1918இல் காந்தி தொடங்கியது. பிராத்மிக்கில் தொடங்கி பிரவீண் வரை அதன் தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். அந்தத் தேர்வுகளுக்கு டியூஷன் எடுக்கும் பலகை இல்லாத தெரு சென்னையில் குறைவு. ஒன்று மட்டும் சொல்வேன்: டில்லிக்கு மாற்றல் வந்திருக்கிறது, இன்னும் நான்கு மாதத்தில் பேச வேண்டும் என்பவருக்குத் தேர்வு வழி சரிப்படாது. பேச்சு ஹிந்திக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுப்பவரைத் தேடுங்கள். வாரம் ஒரு நாள் சௌகார்பேட்டைப் பக்கம் போய்க் கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பழகுங்கள்.

கல்லூரிச் சாலை என்று சொன்னேன். அந்தப் பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1812இல் எஃப். டபிள்யூ. எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. கப்பலில் வந்து இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. அது பிற்பாடு இயங்கிய இடம் நாம் டிபிஐ வளாகம் என்று சொல்லிப் பழகிய கல்வித் துறை வளாகம். இப்படி நம் மொழிகளைப் படிக்க வெளிநாட்டவர் வந்து உட்கார்ந்த அதே சாலையில் இன்று நாம் போய் பிரெஞ்சு படிக்கிறோம்.

பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் பேட்டையிலேயே நல்ல ஆசிரியர் கிடைத்தால் ஏ1, ஏ2 வரை அங்கே படித்துவிட்டு மேல் நிலைகளுக்கு மாறிக்கொள்ளலாம். சேருமிடத்தில் உங்கள் நிலையைச் சோதித்துப் பார்த்து எந்த வகுப்பு என்று சொல்வார்கள்.

இங்கேதான் என் முதல் முயற்சி கெட்டது. வீடு குரோம்பேட்டை. சேர்ந்ததோ அண்ணா நகரில், வார நாள் மாலை ஆறரை மணி பேட்ச். கட்டணம் கொஞ்சம் குறைவு என்பதற்காக. ஒரகடத்திலிருந்து அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் முதல் இருபது நிமிடம் போயிருக்கும். வீடு திரும்ப பத்தரை. ஆறாவது வாரம் ஒரு மழை நாளில் கத்திப்பாராவிலேயே ஒன்றரை மணி நேரம் நின்றேன். அடுத்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "அட்மிஷன் ஆனா ரீஃபண்ட் இல்ல சார்" என்றார்கள். அது எங்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

ஆகவே என் கணக்கு இது. வகுப்புக்குப் போய்வரும் நேரம் வகுப்பு நேரத்தில் பாதியைத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம். மின்சார ரயில், மெட்ரோ இரண்டில் ஒன்றில் போக முடிந்தால் உத்தமம். ரயிலில் சொற்களைப் படிக்கலாம், டூவீலரில் முடியாது. இரண்டாம் முறை நான் குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை ரயிலில் போனேன். வாரத்தில் பாதிப் பாடம் அந்தப் பயணத்திலேயே முடிந்தது. ஆன்லைன் வகுப்பும் மோசமில்லை, ஆனால் ஏ1 நிலையை நேரில் படியுங்கள். உங்கள் உதடும் நாக்கும் எப்படி அசைகின்றன என்று ஆசிரியர் பார்த்துத் திருத்த வேண்டும்.

படி 4: டெமோ வகுப்பில் எதைப் பார்ப்பது

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பாவது உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்க வேண்டாம். பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள்: அதில் மாணவர்கள் வாய் திறந்த நேரம் எவ்வளவு? ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் அது சொற்பொழிவு. தப்பாகச் சொன்ன மாணவரை ஆசிரியர் எப்படித் திருத்துகிறார் என்பதையும் கவனியுங்கள். முகம் சுளிக்கிற ஆசிரியரிடம் பெரியவர்கள் நிலைக்க மாட்டார்கள். நமக்கு ஏற்கெனவே கூச்சம் அதிகம்.

அப்புறம் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை. ஒரு பேட்சில் எத்தனை பேர்? பன்னிரண்டு, பதினைந்துக்கு மேல் போனால் பேச வாய்ப்பு வராது. இதே ஆசிரியர்தான் கடைசி வரை வருவாரா? அவர் எந்த நிலை வரை தேறியவர்? புத்தகம் கட்டணத்தில் சேர்ந்ததா? தேர்வுக் கட்டணம் தனியாகத்தான் இருக்கும், அது எவ்வளவு? மழைக்கு விடுமுறை விட்டால் ஈடுகட்டும் வகுப்பு உண்டா? சென்னையில் நவம்பர், டிசம்பர் பேட்ச் சேருகிறவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். ரீஃபண்ட் விதியை ரசீதிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள்.

படி 5: தமிழைக் கூடவே அழைத்துப் போங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதுதான். சென்னை வகுப்புகளில் பெரும்பாலும் பாடப் புத்தகத்தின் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், நோட்டில் நாமும் ஆங்கிலப் பொருளையே எழுதிக்கொள்வோம். அங்கே நமக்கு ஒரு பெரிய வசதி கைநழுவுகிறது.

ஜப்பானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "டோக்கியோ நி இகிமாஸு" என்றால் டோக்கியோவுக்குப் போகிறேன். "நி" நம் "கு". "ஓ" நம் "ஐ". "தே" நம் "இல்". கேள்விக்குக் கடைசியில் "கா" சேர்ப்பார்கள், நாம் "ஆ" சேர்ப்பது போல: "இகிமாஸு கா", போகிறீர்களா. வினை கடைசியில் வரும். எங்கள் வகுப்பில் "தபேதே மிமாஸு" என்ற வடிவம் வந்தது. தபேதே என்றால் சாப்பிட்டு. மிமாஸு என்றால் பார்க்கிறேன். புத்தகத்தில் அதற்கு ஆங்கிலத்தில் நான்கு வரி விளக்கம். கல்லூரி மாணவர் அதைப் படித்துக்கொண்டிருக்க, அந்த 61 வயது அம்மா நிமிர்ந்து, "சாப்பிட்டுப் பாக்கறேன்! அவ்ளோதானே சென்செய்?" என்று ஆசிரியரைக் கேட்டார் (சென்செய் என்றால் ஆசிரியர்). அவ்வளவேதான். வாங்கி வைப்பது, சாப்பிட்டுவிடுவது என்று நாம் துணைவினை சேர்த்துப் பேசுவது போலவே அவர்களும் பேசுகிறார்கள். கொரியனிலும் "சாப்பிட்டுப் பார்" அப்படியே இருக்கிறது. அன்றையிலிருந்து என் நோட்டில் பொருள் எழுதும் பக்கம் முழுவதும் தமிழ்தான்.

மற்ற மொழிகளிலும் இது உண்டு. "எனக்குப் பிடித்திருக்கிறது", "எனக்குப் பசிக்கிறது" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ஹிந்தியில் "முஜே பூக் லகீ ஹை". முஜே என்றால் எனக்கு. ஜெர்மனில் பிடித்திருக்கிறது என்பதற்கு "மியர் கெஃபெல்ட்". மியர் என்றால் எனக்கு. ஆங்கிலம் வழியாகப் போனால் "நான்" என்று தொடங்கித் தப்பாகச் சொல்வோம், தமிழ் வழியாகப் போனால் சரியாக வரும். ஜெர்மனில் "ஏனென்றால்", "என்று" போன்ற சொற்கள் வரும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். நமக்கு வினை எப்போதும் அங்கேதான் இருக்கிறது. நீ, நீங்கள் வேறுபாடு நம் ரத்தத்தில் ஊறியது. ஜெர்மனின் டூ, ஸீ, பிரெஞ்சின் த்யூ, வூ, ஹிந்தியின் தும், ஆப், இவற்றை யாரிடம் எப்போது சொல்வது என்று நமக்கு வகுப்பு எடுக்கவே வேண்டாம்.

குறில், நெடில் இன்னொரு வரம். ஜப்பானியத்தில் "ஒஜிசான்" மாமா, "ஒஜீசான்" தாத்தா. ஆங்கிலக் காதுக்குச் சிரமம். படம், பாடம் என்று வளர்ந்த நமக்கு ஒரு தடவை கேட்டாலே போதும்.

ஆனால் தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. முதலாவது, எழுத்து. வேற்று மொழிச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் நோட்டில் குறித்து வைக்காதீர்கள். நான் முதல் வாரம் "நான்" என்பதற்கான ஜப்பானியச் சொல்லை "வதாஷி" என்று எழுதி வைத்தேன். தமிழில் சொல்லின் நடுவே வரும் ஒற்றைத் "த" மெலிந்துதானே ஒலிக்கும், "அது", "இது" என்பதில் வருவது போல? மூன்று வாரம் நான் அந்த மெலிந்த ஒலியோடுதான் படித்தேன். அங்கே வேண்டியது "பத்து" என்பதில் வரும் அழுத்தமான ஒலி, ஆனால் இரட்டிக்காமல். சென்செய் பொறுமையாக மூன்று வகுப்பில் திருத்தினார். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஹிரகானா எழுத்துகள் 46ஐயும் இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்த பிறகுதான் நாக்கு திரும்பியது. ஹிந்தியில் இது இன்னும் ஆபத்து. சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் தமிழில் எழுதினால் இரண்டும் "கானா"தான். தேவநாகரியை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். கொரியனுக்கு அடிப்படை எழுத்து 24தான், ஒரு வாரத்தில் முடியும். (இந்தக் கட்டுரைக்கு வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் தருகிறேன், சரியான ஒலியை வகுப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது, பால். தமிழில் மேசை அஃறிணை, அத்தோடு சரி. பிரெஞ்சில் மேசை பெண்பால், ஜெர்மனில் ஆண்பால். சிறுமியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோ ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பால். ஹிந்தியில் ரொட்டி பெண்பால், தண்ணீர் ஆண்பால். பொருளை வைத்து ஊகிக்க முயன்றால் தோற்போம். சொல்லைத் தனியாகப் படிக்காமல், முன்னால் வரும் சிறுசொல்லோடு (ஜெர்மனில் டெர், டீ, டாஸ், பிரெஞ்சில் ல, லா) ஒட்டி ஒரே சொல்லாகவே வாய்விட்டுப் படியுங்கள். ஹிந்தியில் "அச்சா பானி", "அச்சீ ரோட்டி" என்று ஒரு அடையோடு படிக்கலாம்.

படி 6: வகுப்பில்லாத நாட்கள்

வகுப்பு முடிந்த அன்றே இரவு இருபது நிமிடம். மறுநாள் பத்து நிமிடம். மூன்று நாள் கழித்துப் பத்து நிமிடம். அடுத்த வகுப்புக்கு முன் ஒரு முறை. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்னையே சோதித்துக் காட்டியிருக்கிறார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் மருந்து. அன்கி என்ற செயலி இந்த இடைவெளிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

செயலி பிடிக்காதவர்களுக்கு என் முறை. நாற்பது பக்க நோட்டு ஒன்று. பக்கத்தை நீளவாக்கில் மடித்து இடது பாதியில் தமிழ், வலது பாதியில் ஜப்பானியம். ஒரு பக்கத்துக்குப் பத்துச் சொல், அதற்கு மேல் எழுத மாட்டேன். காலையில் குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரை, வலது பாதியை மறைத்துக்கொண்டு தமிழைப் பார்த்து உரக்கச் சொல்வேன். தவறிய சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி. மூன்று புள்ளி விழுந்த சொல்லை வைத்து என் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதுவேன். "குடை" என்ற சொல் நிற்கவே இல்லை. "ரயிலில் குடையை மறந்துவிட்டேன்" என்று எழுதினேன், உண்மையிலேயே மறந்திருந்தேன். அதன் பிறகு அந்தச் சொல் போகவில்லை.

உரக்க என்பது முக்கியம். மனதுக்குள் படித்தது வாயில் வராது. வீட்டில் இடமில்லை என்றால் மொட்டை மாடிக்குப் போங்கள். அமைதியாக எழுதிப் படிக்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் எனக்கு அது பெரிய உதவி.

வாரம் ஒரு முறை இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், அழிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து முதல் பதிவைக் கேட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

படி 7: வீட்டையும் அலுவலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சனிக்கிழமை காலை எனக்கு வகுப்பு, காய்கறி வாங்குவது மாலையில். பெண்களுக்கு இது இன்னும் கடினம் என்று அறிவேன். எங்கள் வகுப்பில் இரண்டு பெண்கள் ஒருவர் வீட்டுப் பிள்ளைகளை மற்றவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பேட்ச் என்று படித்தார்கள். அலுவலகத்தில் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ஜப்பானிய, கொரிய, ஜெர்மன் நிறுவனங்களோடு தொழில் செய்யும் இடங்களில் பல சமயம் இருக்கும், யாரும் கேட்காததால் யாருக்கும் தெரியாது.

படி 8: தேர்வு

ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு நடக்கும். விண்ணப்பம் பல மாதம் முன்பே முடிந்துவிடும், எனவே சேரும் நாளிலேயே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். என்5 தேற 180க்கு 80 வேண்டும், அதோடு ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. கேட்டலில் கோட்டை விட்டால் மற்றதில் எடுத்தது காப்பாற்றாது. டெல்ஃபிலும் அப்படித்தான்: 100க்கு 50, ஒவ்வொரு பகுதியிலும் 25க்கு குறைந்தது 5 வேண்டும். கோத்தே தேர்வுகளில் தேர்ச்சி 60 சதவீதம். பி1இல் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கையும் தனித்தனியாக எழுதலாம் என்பதால் தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதினால் போதும். குறைந்தது மூன்று மாக் டெஸ்ட், நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். டிசம்பர் தேர்வு என்றால் மழையைக் கணக்கில் வைத்து ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

படி 9: இரண்டு வகுப்பு தவறிப்போனால்

தவறும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும், ஆடிட் வரும். ஒரு வகுப்பு தவறினால் சமாளிக்கலாம். இரண்டாவது தவறும்போதுதான் "இனிமே போய் என்ன புரியப் போகுது" என்ற எண்ணம் வரும். நான் பார்த்தவரை பெரியவர்கள் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். பாடம் கடினமானதால் நின்றவர்கள் குறைவு.

இதற்கு முன்னேற்பாடு உண்டு. சேர்ந்த முதல் வாரமே வகுப்பில் ஒருவரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள்: யார் வரவில்லையோ அவருக்கு மற்றவர் அன்றைய பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எனக்கு அந்த அம்மா அனுப்புவார், அவருக்கு நான். தவறிய பாடத்தை முழுதாகப் படித்து முடித்த பிறகுதான் வகுப்புக்குப் போவேன் என்று நினைக்காதீர்கள், அப்படி நினைத்தால் மூன்றாவது வகுப்பும் போய்விடும். புரியாவிட்டாலும் போய் உட்காருங்கள். அதற்கு முந்தைய இரவு ஆசிரியருக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள். நான் அனுப்பியது இது: "சென்செய், இரண்டு வகுப்பு வர முடியவில்லை. நாளை வருகிறேன். முதல் அரை மணி நேரம் என்னைக் கேள்வி கேட்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன். இடைவேளையில் 14ஆம் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்க ஐந்து நிமிடம் வேண்டும்."